எலிவேஷன் வாடகை தராது

தென்சென்னையில் முப்பது நாற்பது வயதான அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அசோசியேஷன் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்ட முடிவு செய்தால், அந்தப் பணம் எங்கே போகும் என்று கூட்டம் முடியும் முன்பே சொல்லிவிடலாம். தெருவைப் பார்த்த சுவருக்குப் போகும். புதுப் பெயின்ட், வாசல் தூண்களுக்குக் கிரானைட், பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏ.சி.பி. என்ற அலுமினியத் தகட்டு ஷீட், பழைய இரும்பு கேட்டுக்குப் பதில் எஸ்.எஸ். கேட், பெயர்ப்பலகைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கு, மண் தெரிகிற இடமெல்லாம் பேவர் பிளாக். “எலிவேஷனை மாத்தினா வாடகை ஏறும் சார், வித்தாலும் நல்ல விலை போகும்” என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். லஸ், மந்தைவெளி, வடக்கு உஸ்மான் சாலை, காந்தி நகர், பெசன்ட் நகர், எங்கு போனாலும் இதே பேச்சுதான். இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட மோசம், இது குடியிருப்பவர்களுக்குத் தீங்கு செய்கிறது, கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிறது, நம்பிப் பணம் போட்டவரையும் ஏமாற்றுகிறது.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்டை வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “யு.டி.எஸ். எவ்வளவு?” என்பதுதான். மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு 400 சதுர அடியா, 600 சதுர அடியா என்பதில்தான் விலை நிற்கிறது. அடுத்து, தெரு எத்தனை அடி அகலம் என்று கேட்பார். நாளைக்கு இடித்துக் கட்டினால் எவ்வளவு எழுப்பலாம் என்பது அந்த அகலத்தைப் பொறுத்தது. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்குத் தெரு வகுத்தது. மாநகராட்சியின் சொத்துவரி தெருவையும் பரப்பளவையும் பயன்பாட்டையும் வைத்துப் போடுவது. கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மண்ணுக்கு ஒரு கணக்கும், ஆண்டுக்கு ஆண்டு தேயும் கட்டடத்துக்கு இன்னொரு கணக்கும் போடுகிறார். இவற்றில் எதிலும் கிரானைட் தூணுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஜாயின்ட் வென்ச்சர் பேச வரும் பில்டர் அந்தத் தூணை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது லாரியில் ஏற்றி வெளியே கொட்ட வேண்டிய இடிபாடு.

வாடகையின் கணக்கு வேறு. அதைத் தீர்மானிப்பவர் அந்த வீட்டில் குளித்து, சமைத்து, துணி உலர்த்தி, அடைமழையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் போகிறவர். அவர் என்ன கேட்கிறார் என்று எந்தப் புரோக்கரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வருமா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா, அந்தப் பணம் மெயின்டனன்ஸில் சேர்த்தியா தனியா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, காருக்கு மூடிய இடம் உண்டா, லிஃப்ட் ஓடுகிறதா, வயதான அம்மா மாடி ஏற முடியுமா. தூணில் ஒட்டிய கல் எந்த ஊர்க் கல் என்று ஒருவரும் கேட்பதில்லை. மயிலாப்பூருக்கு வருகிறவர் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பறக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் இருக்க வருகிறார். அடையாறில் வீடு தேடுகிறவர்களில் ஐ.ஐ.டி.யைச் சுற்றி வேலை பார்ப்பவர் உண்டு, புற்றுநோய் மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. இவர்களையெல்லாம் அழைத்து வருவது இடம். வந்தவர்களை இருக்கவைப்பது தண்ணீரும் கூரையும்.

இருக்கவைப்பதில்தான் பணம் இருக்கிறது. இதை வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. மாதம் 30,000 ரூபாய் வாடகை வரும் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 30,000 போயிற்று. முகப்பை மாற்றிய பெருமையில் வாடகையை 2,000 ஏற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் அது 24,000தான். ஒரே ஒரு மாதம் காலியாக இருந்தால் புது வாடகை 32,000 நின்றுபோகிறது; அந்த ஏற்றம் முழுவதும் போய், கையிலிருந்தும் 8,000 போகிறது. புரோக்கர் கமிஷன், அடுத்தவர் வருவதற்குள் செய்ய வேண்டிய சில்லறை வேலை எல்லாம் இதற்கு மேல். பதினோரு மாதத்தில் ஓடிப்போகாமல் ஐந்து வருடம், ஆறு வருடம் இருக்கும் குடும்பம்தான் வாடகை வீட்டின் உண்மையான வருமானம். அந்தக் குடும்பம் கிளம்பிப் போவதற்குக் காரணம் முகப்பு பழசாக இருந்தது என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. படுக்கையறைக் கூரையில் ஓதம், கழிவுநீர் எதிர்த்து வருகிறது, ஏப்ரல் வந்தால் தண்ணீர் இல்லை, எத்தனை முறை சொன்னாலும் ஓனர் போனை எடுப்பதில்லை. இவைதான் காரணங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். இந்த நகரில் வீட்டின் மதிப்பு அதில்தான் தொடங்குகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் குழாய் திறக்கும் நேரத்தை நோட்டீஸ் ஒட்டிச் சொன்னார்கள். அந்த மாதங்களில் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இருந்த கட்டடம் எது என்பதே வாடகை வீட்டின் தரமாக இருந்தது. அப்படித் தண்ணீர் இருந்த கட்டடங்கள் பலவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெய்த மழையைத் தங்கள் மண்ணிலேயே இறங்க விட்டவை அவை.

கணக்கு எளிது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை மேல் விழுவது ஏறக்குறைய 3 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் பார்த்தால் 25 லாரிக்கு மேல். மூன்று கிரவுண்டில் நிற்கும் கட்டடத்துக்கு 75 லாரி. முழுவதையும் பிடிக்க முடியாது. ஆவியாவது உண்டு, வழிந்தோடுவது உண்டு. பாதியைப் பிடித்தாலும் கோடைச் செலவு எவ்வளவு குறையும் என்று பாருங்கள். 2003இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இயற்பியல் படித்த சேகர் ராகவன். அவர் முயற்சியில் மந்தைவெளியில் ரெயின் சென்டர் 2002இல் திறக்கப்பட்டது. எந்த மண்ணுக்கு எப்படிப்பட்ட குழி, மொட்டைமாடித் தண்ணீரைச் சம்புக்கு விடுவதா கிணற்றுக்கு விடுவதா என்று விளக்குவதற்காகவே ஏற்பட்ட இடம் அது. பெசன்ட் நகர், கிழக்கு மயிலாப்பூர் போன்ற மணற்பாங்கான கரையோரத்தில் மழை சுலபமாகக் கீழே இறங்கும்; கடலுப்பு உள்ளே ஏறாமல் தடுப்பதும் அந்த நன்னீர்தான். தி. நகரின் களிமண்ணில் கிணறு ஆழமாக வேண்டும். இவ்வளவு தெளிவான அறிவு பக்கத்துத் தெருவில் இருந்தபோதும் நம் அசோசியேஷன்கள் செய்தது என்ன? 2003இல் அவசரத்துக்குத் தோண்டிய குழியைத் தூர்வாரவே இல்லை. பிறகு முகப்பு அழகுக்காக அதன் மேலேயே பேவர் பிளாக்கைப் பரப்பினார்கள். மூடி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்கும் தெரியாது.

பேவர் பிளாக் மேல் எனக்குக் கோபம் அதிகம். ஒரு கட்டடத்துக்கு வேண்டிய தண்ணீரை அதன் வாசலிலேயே மறிப்பது அது. கீழே கான்கிரீட் போட்டு மேலே கல் பதித்துவிட்டால் மழை முழுவதும் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். எல்லா வீடுகளும் இதையே செய்யும்போது தெரு ஏரியாகும். தி. நகர் ஏற்கெனவே ஏரிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த மாம்பலம் லாங் டாங்க் நிலத்தை 1920களில் மனையாக்கி, பிட்டி தியாகராயர் பெயரைச் சூட்டினார்கள். 2021 நவம்பர் 7ஆம் தேதி விடியும்வரை பெய்த மழை நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியபோது, தி. நகர்த் தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் வடியவில்லை. மாம்பலம் கால்வாய் அடைபட்டது ஒரு காரணம். அதற்கு அரசைக் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தன் மனையில் விழுந்த மழையில் ஒரு சொட்டைக்கூட மண்ணுக்குள் விடாத கட்டடத்துக்கும் அந்த வெள்ளத்தில் பங்கு உண்டு.

சாலை உயர்ந்துகொண்டே போனதும் சேர்ந்துகொண்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல கட்டடங்களின் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்த வேண்டியிருந்தது அதனால்தான். இப்படித் தாழ்ந்துபோன கட்டடத்தில் சம்பின் வாய் தரைமட்டத்தில் இருந்தால், தெருவில் நிற்கும் சாக்கடை கலந்த தண்ணீர் நேராகக் குடிநீருக்குள் இறங்கும். சம்பின் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டுவது ஒரு கொத்தனாருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளத்து ஈ.பி. பெட்டிகள் மூழ்கின. வெள்ளம் ஏறிய உயரம் பல சுவர்களில் கறையாகத் தெரிந்தது. அந்தக் கறைக்கு மேலே மீட்டர் போர்டை ஏற்றி வைத்த கட்டடங்கள் எத்தனை? சுவரிலிருந்த கறையைப் பெயின்ட் அடித்து மறைத்த கட்டடங்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகின்றன.

மொட்டைமாடிக்கு வருவோம். சென்னைக் கட்டடத்தின் உண்மையான முகம் அதுதான். வெயிலையும் மழையையும் முதலில் வாங்குவது அது. பழைய கொத்தனார்கள் அதற்குக் கொடுத்த மரியாதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்று வாட்டம் பார்ப்பதில் ஒருவர் கண்ணாகவே இருப்பார். அந்தத் தளம் இரண்டு வேலை செய்தது. மழையை நிற்கவிடாமல் அனுப்பியது, வெயிலைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. நாம் அதன் மேல் டிஷ் ஆன்டெனாவுக்கு ஆணி அடித்தோம், சோலார் ஹீட்டருக்குத் துளை போட்டோம், சில இடங்களில் வாடகைக்கு ஆசைப்பட்டு செல்போன் டவரையே ஏற்றினோம். ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வழி. கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று முளைத்தால் அதை வேரோடு எடுத்துப் பூச ஆளில்லை. மழைநீர்க் குழாயின் வாயில் காய்ந்த இலை அடைத்துக் கிடக்கிறது. ஒழுகத் தொடங்கியதும், அடியிலுள்ள பழைய தளத்தைத் திறந்து பார்க்காமல் மேலே இன்னொரு படலம் சிமென்ட் போடுகிறார்கள். எடை கூடுகிறது, ஒழுகல் இடம் மாறுகிறது. கடைசி மாடியில் குடியிருப்பவர் மே மாதம் முழுக்க ஏ.சி. ஓட்டியும் தூங்க முடியாமல், ஐப்பசியில் கட்டிலை நகர்த்தி வாளி வைத்து, அடுத்த தையில் காலி செய்கிறார். அந்த வீடு மட்டும் எப்போதும் குறைந்த வாடகைக்குப் போகிறது. அது கடைசி மாடியின் தலையெழுத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, நீர்க்காப்புப் போட்டு, மேலே வெள்ளை அடித்தால் மாறிவிடக்கூடிய நிலை அது. முகப்புக்குச் செலவிட நினைக்கும் தொகையை இதில் போட்டால் கடைசி மாடி வாடகை கீழ்த்தள வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பெயின்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சுவரில் அடிக்கும் நல்ல எமல்ஷன் கான்கிரீட்டுக்குக் காப்பு. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் கடற்காற்றின் உப்பு விரிசல் வழியே நுழைந்து உள்ளே கம்பியைத் தொட்டுவிடுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது, தன்னைச் சுற்றியுள்ள சிமென்டைப் பிளந்து தள்ளுகிறது. அப்படிப் பிளந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையானால் புதுக் கம்பி கட்டி, அதற்குரிய கலவையால் பூசிய பிறகு அடிப்பது காப்பு. பிளவின் மேல் பட்டி பார்த்து வழவழவென்று அடிப்பது மூடி மறைப்பது. ஈரமான சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கே கொப்புளித்து உரியும். செலவு போனதோடு நோயும் வளர்கிறது. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், கடலை ஒட்டிய வாரியக் குடியிருப்பில் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஏழைகளின் குடியிருப்பு என்பதால் அந்தச் செய்தியை நம் அசோசியேஷன்கள் தங்களுடையதாக நினைக்கவில்லை. அதே காலத்துக் கான்கிரீட், அதே கடற்காற்று, அதே சன்ஷேடு கலாக்ஷேத்ரா காலனியிலும் இருக்கிறது. இங்கே மேலே ஷீட் போர்த்தியிருப்பதால் விரிசல் கண்ணில் படுவதில்லை.

ஷீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபது எண்பதுகளின் கட்டடங்களுக்கு முகப்பு என்று தனியாக எதுவும் இல்லை. சன்ஷேடு, சிமென்ட் ஜாலி, வென்டிலேட்டர், நிழல் விழும் பால்கனி, இவைதான் அவற்றின் முகம். ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. சாரலைத் தடுப்பது, சூட்டை வெளியே அனுப்புவது, கடற்காற்றை உள்ளே இழுப்பது. அவற்றை மூடி அலுமினியத் தகடும் கண்ணாடியும் வைக்கும்போது வீடு புழுங்குகிறது; மின்கட்டணத்தைக் கட்டுபவர் குடியிருப்பவர். இன்னொரு ஆபத்தும் உண்டு. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற வாடகைக் குடியிருப்பைப் புதுப்பித்து வெளியே தகடு போர்த்தினார்கள். வெளித்தோற்றத்தை மேம்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீ அந்தப் போர்வை வழியே கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் மாண்டார்கள். தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் இருந்ததே தீ அப்படிப் பரவியதற்கு முதன்மைக் காரணம் என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றிக் குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே எழுதி எழுதி எச்சரித்திருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. நம் நான்கு மாடிக் கட்டடத்தை அந்த இருபத்து நான்கு மாடிக் கோபுரத்தோடு சமமாக வைக்க வரவில்லை. ஆனால் ஷீட் வாங்குகிறவரிடம், உள்ளே இருப்பது எரியுமா எரியாதா என்று கேட்கும் ஓர் அசோசியேஷனையாவது காட்டுங்கள்.

இந்த நம்பிக்கை ஏன் இத்தனை வலுவாக நிற்கிறது? முடிவு எடுப்பவர் அங்கே குடியிருப்பதில்லை. இந்தப் பகுதிகளில் பல கட்டடங்களில் வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் வேறு எங்கோ இருக்கிறார்கள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் நியூ ஜெர்சியில், ஒருவர் இதே அடையாறில் வேறு பெரிய வீட்டில். அவர்கள் கட்டடத்தைப் பார்ப்பது வாட்ஸ்அப் படத்தில். படத்தில் முகப்பு தெரியும். பின்பக்க டக்டில் கசியும் கழிவுக்குழாய் தெரியாது, சம்பின் அடியில் படிந்த சேறு தெரியாது. அதோடு வாழ்கிறவருக்கு அசோசியேஷன் கூட்டத்தில் நாற்காலி கிடையாது, ஓட்டு கிடையாது. மெயின்டனன்ஸ் மட்டும் அவர் கட்டுவார்.

பழுதை இப்படிக் கவனிக்காமல் விடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்ல முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பாக வைக்கிறது. வாடகை முன்பணத்துக்கும் மூன்று மாதம் என்ற வரம்பைச் சொல்லி, ஒப்பந்தம் மூலம் அதை மீற இடமும் விட்டுவிட்டது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் போகவில்லை. காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று அதிலிருந்து ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் போகவில்லை. வருமான வரியில் இன்னொரு சலுகை இருக்கிறது. வாடகை வருமானத்தில் சொத்துவரி போக மீதியில் 30 சதவீதத்தை ரசீது கேட்காமல் கழித்துத் தருகிறார்கள். வீட்டைப் பழுதுபார்த்துப் பராமரிக்கச் செலவாகும் என்பதால் ஏற்பட்ட கழிவு அது. மாதம் 30,000 வாடகை வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கழிகிறது. அந்தக் கழிவை வருடந்தோறும் எடுத்துக்கொண்டு, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னால் “நீங்களே பாத்துக்கோங்க” என்பது நேர்மையற்ற செயல். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதல் பார்வை முக்கியமில்லையா, இணையத்தில் படம் பார்த்துத்தானே வீடு தேடுகிறார்கள் என்பார்கள். முக்கியம்தான். வாசலில் குப்பைத்தொட்டி நிரம்பி வழியக் கூடாது, படிக்கட்டில் விளக்கு எரிய வேண்டும், கதவிலக்கம் இரவிலும் தெரிய வேண்டும், தலையில் இடிக்கும் கேபிள் கற்றையை இழுத்துக் கட்ட வேண்டும். மயிலாப்பூரில் வாடகைக்கு இருப்பவர்களில் முதியவர்கள் ஏராளம். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிப் படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டு, வாசலில் ஒரு சாய்தளம் கட்டினால் அது எந்தக் கிரானைட்டையும்விட அதிகம் பேசும். மரம் இருந்தால் காப்பாற்றுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்த பிறகு மிஞ்சிய வேம்பும் புங்கையும்தான் நம் தெருக்களின் குளிர்ச்சி. காரின் மேல் காக்கை எச்சம் விழுகிறது என்றும், மரம் எலிவேஷனை மறைக்கிறது என்றும் சொல்லி அவற்றை வெட்டக் கேட்பவர்களை நான் அறிவேன். மேற்கு வெயிலைத் தடுக்கும் ஒரு புங்கை இரண்டு மாடிக்கு நிழல் தருகிறது. அதை வெட்டிவிட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்தாலும் வீடு கொதிக்கத்தான் செய்யும்.

முகப்புக்கு லட்சங்களைச் செலவழித்துவிட்டு அதன் மேலேயே “வெஜிடேரியன் மட்டும்” என்று டூ-லெட் பலகை மாட்டுகிறார்களே, அதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. சாதியை நேராகக் கேட்கத் துணிவில்லாதவர்கள் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். நேர்மையாக வாடகை தரும் நூறு குடும்பங்களில் பெரும்பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வீடு மூன்று மாதமாகக் காலி, எலிவேஷன் பழசு என்று புலம்புகிறவருக்கு அந்தப் பலகையைக் கழற்றுவதுதான் முதல் சீரமைப்பு.

கடைசியாக ஒரு வாதம் வரும். கட்டடமே இடிபடப்போகிறது, சம்பையும் மொட்டைமாடியையும் எதற்குப் பார்க்க வேண்டும்? 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மறுகட்டுமானத்துக்கு எல்லோரும் ஒப்ப வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும் என்று வந்த பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. இடிப்பது உறுதி என்றால் முகப்புக்குப் போடும் பணமும் சேர்ந்துதானே இடிபடும்? பழுதுபார்ப்பதற்கு மட்டும் ஏன் இந்த வாதம்? மேலும், மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து சேர்ந்து, பில்டர் படிந்து, அனுமதி வாங்கி, எல்லோரும் காலி செய்ய ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் அங்கே குளிப்பதும் தூங்குவதும் குடியிருப்பவர்கள்தான். ஒழுகும் கூரைக்கும் உப்புத் தண்ணீருக்கும் அவர்கள் முழு வாடகை தருகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டுக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். பெயின்ட் கம்பெனிக்காரர் கலர் கார்டோடு வருவதை ஒரு வாரம் தள்ளிவைத்து, முதலில் ஒரு நல்ல கொத்தனாரையும் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறுங்கள், சம்பைத் திறந்து பாருங்கள், பேவர் பிளாக்கைப் பெயர்த்து 2003இல் போட்ட குழி எங்கே என்று தேடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களையும் அழையுங்கள். கடைசி மாடியில் குடியிருக்கும் அம்மாவை முதலில் பேசச் சொல்லுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த மாதத்திலிருந்து ஒழுகுகிறது என்று அவரிடம் முழுக் கணக்கும் இருக்கிறது.